பங்குனி உத்திரத்துக்குத் தொப்பி: குடும்பக் குழுவில் பேசியது

நான்: அய்யனார் கோயிலுக்கு 42 பேர் உறுதி. போன வருடம் சின்னவனைக் கூட்டத்தில் அரை மணி நேரம் தேடினோம், நினைத்தால் இன்னும் பதறுகிறது. இந்தத் தடவை எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தொப்பி தைக்கக் கொடுக்கலாமா?

பெரியப்பா: நல்ல யோசனை அம்மா. முன்னால் சாமி படம், கீழே 'அருஞ்சுனை காத்த அய்யனார் துணை' என்று போட்டுவிடுவோம்.

திருப்பூர் தம்பி: பெரியப்பா, எம்பிராய்டரி வேலையிலேயே இருப்பதால் சொல்கிறேன். தொப்பியின் முன்பக்கத்தில் கிடைக்கிற இடம் ஏறத்தாழ 11 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம்தான். படத்தையும் அவ்வளவு நீளப் பெயரையும் அதில் அடைத்தால் எழுத்து மிகவும் சிறுத்துவிடும். ஞ, னை இவற்றின் சுழியெல்லாம் நூலால் மூடிக்கொள்ளும். புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

கோவை சித்தி: பிரிண்ட் போட்டால்?

திருப்பூர் தம்பி: ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும், 42 தொப்பிக்குக் கட்டாது சித்தி. டிடிஎஃப் செய்யலாம். படத்தை ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. எத்தனை நிறம் என்றாலும் ஒரே வேலைதான். ஆனால் தொப்பியின் வளைவில் அழுத்தம் சமமாக விழாவிட்டால் ஓரம் கிளம்பும்.

கோவை சித்தி: அப்படியென்றால் வேண்டவே வேண்டாம். எங்கள் காலனி வாக்கிங் குழுவுக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஒட்டி வாங்கினோம். மூன்றாவது துவைப்பில் எழுத்து உரிந்து வந்தது. நீ தையலே போடு.

சென்னை அத்தை: ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். சாமி படமும் பெயரும் தொப்பியில் வேண்டாம் என்கிறார்கள். வேர்வை படும், பிள்ளைகள் கழற்றிப் போட்டு மிதிக்கும்.

பெரியப்பா: ஆச்சி சொல்வதுதான் சரி, எனக்குத் தோன்றவில்லை. ஒரு பனைமரம் போடுவோம். கோயிலைச் சுற்றி அந்தச் செம்மணல் தேரி முழுக்க அதுதானே நிற்கிறது.

நான்: பனைமரம், பக்கத்தில் 'ஆச்சி வீடு'. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் நம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும்.

சென்னை அத்தை: வாசித்துக் காட்டினேன். ஆச்சி சிரிக்கிறார்கள் ❤️

திருப்பூர் தம்பி: அருமை அக்கா, எழுத்தும் பெரிதாக வரும். தொப்பி ஐந்து துண்டு வகையாக இருக்கட்டும். ஆறு துண்டு என்றால் நெற்றி நடுவில் ஒரு தையல் ஓடும், எழுத்து அதன்மேல் ஏறி இறங்கும். ஐந்து துண்டில் முன்பக்கம் ஒரே துணி. உள்ளே பக்ரம் என்கிற விறைப்புத் துணி வைத்தால் தையல் சுருங்காமல் நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் வலை, அந்த வெயிலுக்குக் காற்று வேண்டும்.

மும்பை அண்ணன்: எழுத்தை உப்பலாக எடுத்துக் காட்டலாமா? இங்கே அதுதான் எல்லோரும் போடுகிறார்கள்.

திருப்பூர் தம்பி: அதற்கு அடியில் ஃபோம் வைத்துத் தைக்க வேண்டும் அண்ணா. தடித்த கட்டை எழுத்துக்குத்தான் அழகு, நம் புள்ளிக்கும் சுழிக்கும் சரிவராது. சாதாரணத் தையல் போதும், பாலியஸ்டர் நூல் போடுகிறேன், வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. அப்புறம் பஞ்சிங், அதாவது படத்தை மெஷின் தைக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் மாற்றுகிற வேலை, அதன் செலவு ஒரு தடவைதான். மீதிக் கூலி தையல் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால் மரத்தை முழுக்க நிரப்பாமல் ஓலையைக் கோடு கோடாக விடுகிறேன், பனை ஓலைக்கு அதுதான் பொருத்தமும்.

மும்பை அண்ணன்: சரி. நிறம் காவியா?

நான்: செம்மண் தேரியில் காவியும் மெரூனும் மறைந்துவிடும் அண்ணா. ஆகாய நீலத் துணி, கருநீல நூல். தூரத்திலிருந்தே தெரியும்.

கோவை சித்தி: கொண்டை போட்டுப் பூ வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது?

திருப்பூர் தம்பி: உங்களுக்கு மேலே திறந்திருக்கிற வைசர் சித்தி. நெற்றிப் பட்டையும் முன்விளிம்பும் மட்டும் இருக்கும், பூ நசுங்காது. பட்டை ஒடுக்கம் என்பதால் பனைமரம் வராது, 'ஆச்சி வீடு' மட்டும் வரும்.

பெரியப்பா: சந்நிதிக்குள் போகும்போது எல்லோரும் கழற்றிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

திருப்பூர் தம்பி: சரி பெரியப்பா. பெரியவர்களுக்குப் பின்னால் வெல்க்ரோ பட்டை, ஒரே அளவு போதும். பிள்ளைகளுக்கு மட்டும் தலைச் சுற்றளவு வேண்டும். காதுக்குச் சற்று மேலே, நெற்றி நடுவே நாடா சுற்றி அளந்து இங்கேயே போடுங்கள். ஒன்று தைத்துப் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொன்ன பிறகுதான் மீதி.

கோவை சித்தி: பெரியவள் 53, சின்னவள் 50.

நான்: சின்னவன் 51. அளக்க விடாமல் ஓடினான், தூங்கிய பிறகு அளந்தேன்.