மரக்கன்று நடுவதைத் தாண்டி ஒரு நிறுவனம் என்னதான் செய்யலாம்?

குருவிக்கூடு:
எங்கள் நிறுவனம் இந்த ஆண்டு சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியைப் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியிருக்கிறது, குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே சுற்றியுள்ள ஊர்களில் மரக்கன்று நடுவோம், பேனர் பிடித்துப் படம் எடுப்போம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊர்க்காரர்களுக்கும் உபயோகமாக, உயிரினங்களுக்கும் நிஜமாகவே நல்லதாக எங்கேயாவது நடந்திருக்கிறதா?

நெட்டிலிங்கம்:
கன்று நடுவது தப்பில்லை, எதை எங்கே நடுகிறீர்கள் என்பதில்தான் வம்பு. புல்வெளியைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்து, வேகமாக வளரும் அயல் மரத்தை வரிசையாக நட்டுவிட்டால் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடம் போச்சு, ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் போச்சு. அப்புறம், மூன்றாவது கோடையில் தண்ணீர் ஊற்றப்போவது யார், அவருக்குக் கூலி யார் தருவது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

மழைமானி:
பிரான்சின் விட்டல் குடிநீர் நிறுவனத்தைப் பற்றிப் படியுங்கள். 1980களின் கடைசியில் ஊற்றுநீரில் நைட்ரேட் ஏறிவிடுமோ என்று அவர்களுக்குப் பயம் வந்தது. சுற்றுவட்டாரப் பால் பண்ணைக்காரர்கள் புல்லை விட்டுத் தீவன மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்கள், வயலில் கொட்டிய உரம் மழையோடு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுவனம் வழக்குப் போடவில்லை, விழிப்புணர்வு முகாமும் நடத்தவில்லை, விவசாயிகளோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசி 18 முதல் 30 ஆண்டு வரை ஒப்பந்தம் போட்டது. மக்காச்சோளம் கூடாது, பூச்சிக்கொல்லி கூடாது, சாணத்தை மக்க வைத்துத்தான் போட வேண்டும். பதிலுக்கு வருமான இழப்பை ஈடுகட்டப் பணம், நிலக்கடன் சுமைக்குத் தீர்வு, மக்கிய உரத்தை வயலில் இறைத்துக் கொடுக்க ஆள். தன் வியாபாரமே அந்தத் தண்ணீரில் இருந்ததால்தான் நிறுவனம் இவ்வளவு தூரம் இறங்கி வந்தது. (ஆழ்நீரை அளவுக்கு மீறி எடுக்கிறார்கள் என்று பிற்காலத்தில் அதே ஊரில் எதிர்ப்பு கிளம்பியது வேறு கதை.)

ராக்கோழி:
எல்லா நிறுவனத்தாலும் முப்பது வருஷ ஒப்பந்தம் போட முடியுமா சார்? முதலில் காம்பவுண்டுக்குள்ளே பாருங்கள். இரவு முழுக்க வானத்தைப் பார்த்து எரியும் வெள்ளை ஃபோகஸ் விளக்கைச் சுற்றியே விட்டில்கள் சோர்ந்து செத்து விழும், காலையில் கூட்டி அள்ளுகிறவரைக் கேட்டால் தெரியும். மஞ்சள் பல்பு மாற்றி, மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைப்பக்கம் திருப்புங்கள், தேவையில்லாத நேரத்தில் அணையுங்கள். பெரிய செலவே இல்லை.

வலைக்காரன்:
இங்கே யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லையே. திமிங்கலச் சுறாவுக்கு இந்தியாவில் 2001இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் சட்டம் மட்டும் இருந்தால் வலையில் மாட்டியதை யார் விடுவார்கள்? 2004இல் குஜராத் கரையோரத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாடா கெமிக்கல்ஸும் பிரசாரத்தைத் தொடங்கின. வலையை அறுத்துச் சுறாவை விடுவித்தால் அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தரும் என்று ஏற்பாடானது. பின்னாளில் மீனவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள், விடுவிப்பதை அவர்களே படம் எடுத்து ஆதாரமாகக் காட்டலாம். அதிகாரி வரும்வரை மீனைக் கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டாம் பாருங்கள், அது பெரிய விஷயம். நூற்றுக்கணக்கான சுறாக்கள் அப்படித் தப்பித்தன. மீனவனின் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் கரையிலேயே நின்றுவிடும்.

குருவிக்கூடு:
எல்லோருக்கும் நன்றி. சரி, இதை நிர்வாகத்தின் காதில் எப்படிப் போடுவது?

மழைமானி:
2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் 15ஆவது இலக்கைக் காட்டுங்கள். பெரிய நிறுவனங்கள் இயற்கையை எவ்வளவு பாதிக்கின்றன, எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று கணக்குப் பார்த்து வெளியிட வேண்டும் என்கிறது, அதுவும் கொள்முதல் சங்கிலி உட்பட. அதனால் விளம்பரத் துறை ஆளுக்குப் பதில் கொள்முதல் மேலாளரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

குருவிக்கூடு:
கூப்பிட்டாயிற்று. பேனர் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.