விறகு அடுப்பா, பெல்லட் அடுப்பா? பகலில் வீட்டில் அப்பா மட்டும்

மரநிழல்:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குளிர்காலத்துக்குள் கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு வைத்தாக வேண்டும். விறகா, பெல்லட்டா (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள், மூட்டையாக விற்பார்கள்) என்பதில்தான் வீட்டில் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது.

வீடு சுமார் 90 சதுர மீட்டர். ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, எல்லாம் ஒரே தளம். சுவருக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் நன்றாகவே போட்டிருக்கிறது. இப்போது மின்சார ஹீட்டரில் ஓட்டுகிறோம். கூடத்தில் பழைய செங்கல் புகைபோக்கி ஒன்று உண்டு, பல வருஷமாக அதில் தீ மூட்டவில்லை. பெருங்காற்று அடித்தால் கரண்ட் போய்விடும், சில சமயம் மறுநாள்தான் வரும்.

நானும் மனைவியும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். பகல் முழுக்க அப்பா தனியாக இருப்பார். முழங்கால் வலி, குனிந்து நிமிர்வது சிரமம். ஆனால் விறகு அடுப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவரும் அவரே. போன வசந்தத்தில் தோட்டத்தில் வெட்டிய இரண்டு ஓக் மரங்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. "விறகு சும்மா கிடக்கும்போது காசு கொடுத்து மூட்டை வாங்குவானேன்?" என்கிறார். எனக்கு மனம் பெல்லட் பக்கம் சாய்கிறது. வைத்து ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெற்குச்சாளரம்:

பகலில் நீங்கள் இல்லை, அப்பாவால் குனிய முடியாது. அப்புறம் என்ன யோசனை? பெல்லட்தான்.

காலையில் கிளம்பும் முன் 15 கிலோ மூட்டை ஒன்றை மேல் தொட்டியில் கொட்டிவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டு அளவுக்கு மிதமாக எரிந்தால் இரவு வரை தாராளமாக வரும். தெர்மோஸ்டாட்டில் 20 டிகிரி வைத்தால் அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அப்பா பொத்தானைக்கூடத் தொட வேண்டாம்.

இரண்டு விஷயம் மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, சத்தம். விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், குச்சிகள் எரிகிண்ணத்தில் சடசடவென்று விழும். படுக்கையறை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு, சுத்தம். எரிகிண்ணத்தின் துளைகளில் சாம்பல் இறுகிக் கட்டி பிடித்தால் காற்று ஏறாது, தீ மஞ்சளாகச் சோம்பும், கண்ணாடி கறுக்கும். எங்கள் வீட்டில் தினமும் அடுப்பு ஆறிய பிறகு கிண்ணத்தை எடுத்துத் தட்டிவிட்டுத்தான் மறுபடி பற்ற வைப்போம்.

கங்கு:

தம்பி, எங்கள் வீட்டில் கூடத்தில் விறகு அடுப்பு, பின்னால் சேர்த்துக் கட்டிய பகுதியில் பெல்லட் அடுப்பு. குளிர்காலம் முழுக்க இரண்டும் எரியும். எனக்குப் பிரியமானது விறகுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு இந்த வருஷம் பெல்லட் என்றுதான் சொல்வேன். முக்கியக் காரணம் அந்த ஓக்.

போன வசந்தத்தில் வெட்டிய ஓக் இந்தக் குளிருக்கு விறகு ஆகாது. அதுவும் பிளக்காமல் உருளையாகக் கிடக்கிறது என்றால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பட்டை அதை வெளியே விடாது. ஓக்கைப் பிளந்து அடுக்கிய பிறகும் இரண்டு வருஷம் காய வேண்டும். எரிக்கும்போது ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து நம்பிவிடாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகத்தான் காட்டும். ஒரு கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையிலேயே இரண்டு ஊசியையும் அழுத்திப் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் காது இருக்கிறது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரக்கட்டை 'தொப்' என்று கேட்கும்.

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கட்டையின் இரண்டு முனையிலும் நுரை தள்ளும், 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். வர வேண்டிய சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும். புகை சூடில்லாமல் மேலே ஏறி, புகைபோக்கியின் உட்சுவரில் தார் மாதிரி படியும். கிரியோசோட் என்பது அதுதான். என்றைக்காவது நல்ல சூடான தீ போடும் நாளில் அந்தப் படிவம் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே நெருப்பு ஓடும். வீடே போய்விடக்கூடிய விஷயம் இது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 90 சதுர மீட்டர், நல்ல இன்சுலேஷன் என்றால் 5 கிலோவாட் அடுப்பு போதும். கடையில் 8, 10 என்று காட்டுவார்கள், பெரிது நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். கூடம் கொதிக்கும், நீங்கள் காற்றை அடைப்பீர்கள், விறகு சுடர்விடாமல் புகையும், மறுபடி அதே தார். பெல்லட்டில் இந்தத் தொல்லை குறைவு, இரண்டரை கிலோவாட்டுக்குக்கூட இறங்கி நிதானமாக எரியும் மாடல்கள் இருக்கின்றன.

கரண்ட் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. குச்சியைத் தள்ளும் திருகு மோட்டார், புகையை வெளியேற்றும் விசிறி, பற்ற வைக்கும் சூடேற்றி, எல்லாமே கரண்டில் ஓடுபவை. பற்ற வைக்கும் சில நிமிடங்களுக்கு 300, 400 வாட் இழுக்கும். அதன் பிறகு பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதனால் ஒரு கிலோவாட்-மணி பேட்டரியும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரும் இருந்தால் ஓர் இரவை ஓட்டிவிடலாம். சட்டென்று கரண்ட் போனால் விசிறி நிற்கும், ஆனால் கிண்ணத்தில் கிடக்கும் குச்சிகள் கொஞ்ச நேரம் புகைந்துகொண்டே இருக்கும். குழாய் நேராகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவதாக இருந்தால் அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பலாம். வெளியே ஒரு மீட்டராவது மேலே ஏறுகிற மாதிரி குழாய் போடச் சொல்லுங்கள், விசிறி இல்லாமலும் புகை தானாக மேலே இழுபடும்.

அப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது வீட்டில் சூடாக இருக்கும் ஒரே பொருள் விறகு அடுப்புதான். அதன் எதிரில் உட்கார்ந்தால் உடம்புக்கு வரும் சூடே வேறு, விசிறி ஊதும் சூடு அதற்கு ஈடாகாது. அதனால் அந்த ஓக்கை விற்றுவிடாதீர்கள். இப்போதே பிளந்து, தரையில் படாமல் கட்டைகள் மேல் தூக்கி அடுக்கி, தலையை மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். மீட்டரை அப்பா கையில் கொடுங்கள். எப்போது காய்ந்தது என்பதை அவரே சொல்லட்டும்.

மரநிழல்:

அக்கா, மிக்க நன்றி. நேற்று ஒரு துண்டைப் பிளந்து குத்திப் பார்த்தேன், 38 காட்டியது. அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் அவராகவே ஒரு கேள்வி கேட்டார்: "விறகு அடுப்பையே வைத்து, ஒரு கம்பிக் கூடையில் பெல்லட்டைக் கொட்டி எரித்தால் என்ன?" அப்படிக் கூடைகள் விற்கிறார்கள்தான். சரியாக வருமா? பெல்லட்டே வைத்தால் பழைய புகைபோக்கிக்குள் குழாயை விட்டுக்கொள்ளலாமா?

உச்சிக்கூரை:

புகைபோக்கி சுத்தம் செய்வதும் அதற்குள் லைனர், அதாவது உட்குழாய், போடுவதும் என் தொழில். அதனால் பதில் சொல்கிறேன்.

கூடை வேண்டாம். பெல்லட் நன்றாக எரிய அடியிலிருந்து விசிறி காற்று வேண்டும். கூடையில் குவித்தால் மேலே எரியும், நடுவில் வெறுமனே புகையும். பல தயாரிப்பாளர்கள் இதற்கு உத்தரவாதமும் தருவதில்லை. அப்பாவுக்கு விறகு அடுப்புதான் என்றால் அழுத்திய மரத்தூள் கட்டிகள் கிடைக்கின்றன, பிரிக்கெட் என்பார்கள். விறகு அடுப்பிலேயே எரிக்கலாம், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஓக் காயும் வரை அதை வைத்து ஓட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எரியும்போது உப்பும். அடுப்பை நிறைக்காமல் இரண்டு மூன்று மட்டும் வையுங்கள். அடுப்பை ஒரு பீடத்தின் மேல் ஏற்றி வைத்தால் கதவு இடுப்பு உயரத்துக்கு வரும், அவர் குனிய வேண்டியிருக்காது.

புகைபோக்கி விஷயத்தில் கங்கு அம்மா சொன்ன திட்டத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்லட்டுக்கு 80 அல்லது 100 மில்லிமீட்டர் குழாய் போதும். விறகு அடுப்புக்குப் பொதுவாக 150. இன்று பழைய புகைபோக்கிக்குள் 80 விட்டுவிட்டால், இரண்டு வருஷம் கழித்து ஓக் காய்ந்து நிற்கும்போது அந்த வேலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி செலவழிக்க வேண்டும். அதனால் பெல்லட் அடுப்பை வெளிச்சுவர் ஓரம் வைத்து அந்தப் பக்கமாகவே குழாயை வெளியேற்றுங்கள். செங்கல் புகைபோக்கியை விறகுக்கென்று காலியாக விடுங்கள். அதற்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் யாரையும் அடுப்பு மாட்ட விடாதீர்கள். பல வருஷம் சும்மா இருந்ததில் சாந்து உதிர்ந்திருக்கும், பறவைக்கூடு இருக்கும், நடுவில் செங்கலே விழுந்து அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எந்த அடுப்பானாலும் அதே அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, அப்பா படுக்கும் அறையில் இன்னொன்று. பெல்லட் மூட்டைகளைக் காற்றோட்டமுள்ள கொட்டகையில் வையுங்கள். காற்றே புகாத சிறிய அறையில் டன் கணக்கில் குவித்தால் குச்சிகளிலிருந்தே அந்த வாயு வெளிவரும். நனையவும் கூடாது, நனைந்தால் மறுபடி மரத்தூளாகிவிடும்.

மரநிழல்:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். புகைபோக்கியைக் காலியாக விடுவதாக இருந்தால் பெல்லட்டுக்குச் சம்மதம் என்கிறார். கேமரா வைத்துப் பார்க்க அடுத்த வாரம் ஆள் வருகிறார். பிளப்பதற்கு ஹைட்ராலிக் இயந்திரம் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். எந்த இடத்தில் அடுக்குவது என்று அப்பா இப்போதே தோட்டத்தில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.