கேம் ஆடும்போது மட்டும் பிசி ரீஸ்டார்ட் ஆகிறது, ப்ளூ ஸ்கிரீன்கூட வருவதில்லை

தண்டையார்பேட்டை தம்பி:

வணக்கம். மூன்று வாரமாக மண்டை காய்கிறது, தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே பிசி பட்டென்று அணைந்து, இரண்டு நொடியில் தானாகவே ஆன் ஆகிறது. ஹேங் இல்லை, எர்ரர் இல்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கிச் செருகியதுபோல. காலேஜ் வேலை, யூட்யூப், படம் பார்ப்பது எதற்கும் ஒன்றும் ஆவதில்லை. ஜிடிஏ 5, சைபர்பங்க் மாதிரி எதையாவது திறந்தால்தான்.

சிபியு ரைசன் 5 5600, ரேம் 16 ஜிபி டிடிஆர்4, பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் 650 வாட் ப்ரான்ஸ். எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. போன மாதம் பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டைத் தள்ளிவிட்டு, ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வாங்கிப் போட்டேன். அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து. விற்றவரைக் கேட்டால் "என்கிட்ட நல்லாத்தானே ஓடிச்சு" என்கிறார், அவரோடு வாட்ஸப்பில் சண்டையே ஆகிவிட்டது. கடையில் எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறார்கள், 750 வாட் கோல்டு எட்டாயிரம் ஆகுமாம். அப்பாவிடம் இன்னொரு தடவை காசு கேட்டால் பிசியோடு சேர்த்து என்னையும் வெளியே வைத்துவிடுவார்.

கார்டு போச்சா, எஸ்எம்பிஎஸ் போச்சா? கரண்ட் பிரச்சினையாக இருக்காது, யுபிஎஸ் போட்டிருக்கிறேன்.

பெரம்பூர் லோகோ:

விண்டோஸை ஃபார்மேட் போட்டுப் பாருங்க ப்ரோ. எனக்கு அதில்தான் சரியாச்சு.

வியாசர்பாடி கேமர்:

இங்கே எதற்கெடுத்தாலும் ஃபார்மேட்தான். தம்பி, 3060 டிஐ-யை அந்தக் காலத்தில் கிரிப்டோ மைனிங்குக்கு ராப்பகலாக ஓட்டினார்கள், உனக்கு வந்ததும் அப்படி ஒன்றாக இருக்கலாம். ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர் போட்டு கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி ஆடிப் பார். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் கார்டில் பவர் சாக்கெட் இரண்டு இருந்தால் ஒரே கேபிளின் இரண்டு தலையையும் மாட்டாதே, தனித்தனிக் கேபிள் போடு.

காசிமேடு சர்வீஸ்காரன்:

எதையும் வாங்காதே தம்பி, விற்றவரோடு சண்டையும் வேண்டாம். ராயபுரத்தில் பதினெட்டு வருடமாக சர்வீஸ் பார்க்கிறேன், இப்படி வருகிற கேஸ்களில் பாதியில் பிசிக்குள் கோளாறு ஒன்றுமே இருக்காது. முதலில் நாலு விஷயம் சொல்லு. நடந்ததையெல்லாம் விண்டோஸ் எழுதிவைக்கிற ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் லாகில் அந்த நேரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது? ஆடும்போது கார்டும் சிபியுவும் எவ்வளவு சூடாகின்றன? எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது? மானிட்டரும் சேர்ந்து அணைகிறதா? பிசி பக்கத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் அதையும் சொல்லு.

தண்டையார்பேட்டை தம்பி:

ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக வரிசையாக நிற்கிறது. உள்ளே பக்செக் கோட் (ப்ளூ ஸ்கிரீன் நம்பர்) 0. கார்டு 71 டிகிரி, சிபியு 76.

நேரம் என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன் அண்ணே. எல்லாமே சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதுக்குள். போன சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு உட்கார்ந்து விடியற்காலை நாலு வரை ஆடினேன், ஒரு தடவைகூட ஆகவில்லை. மானிட்டர் அணைவதில்லை, லைட் எரிந்துகொண்டே நோ சிக்னல் என்று காட்டுகிறது. சத்தம் என்றால் யுபிஎஸ் "டக்" என்று ஒன்று போடும். அது எப்போதும் போடுவதுதானே என்று விட்டுவிட்டேன்.

காசிமேடு சர்வீஸ்காரன்:

அந்த "டக்"தான் தம்பி. யுபிஎஸ் பின்பக்க ஸ்டிக்கரைப் பார், 600 விஏ என்று போட்டிருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். பேட்டரி எப்போது மாற்றினாய்?

41 என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். சரியாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் போய்விட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கூடவே பக்செக் 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வேன். ரேம், சிபியு தகராறு என்றால் பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீன் நம்பரோ வியா லாகர் (WHEA-Logger) 18 என்கிற ஹார்டுவேர் எர்ரர் மாதிரி ஏதாவதோ விட்டுப்போகும். சூடும் உனக்குக் கட்டுக்குள்தான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடு. 1650 தின்றது 75 வாட், 3060 டிஐ 200 வாட். சிபியு முழு வேகத்தில் 76 வாட் வரை போகும். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 50. எஸ்எம்பிஎஸ் தனக்கென்று கொஞ்சம் சூடாக்கி வீணடிக்கும், மேலே மானிட்டர் வேறு. சுவரிலிருந்து இழுப்பது 400 பக்கம் வந்துவிடும், அதுவும் 3060 டிஐ நொடிக்குள் குபீரென்று இழுக்கிற இழுப்பைச் சேர்க்காமல். உன் யுபிஎஸ் கொடுப்பதோ 360. மெயின் கரண்ட் இருக்கும்வரை அது யுபிஎஸ் வழியாக அப்படியே பிசிக்குப் போவதால் யாருக்கும் தெரியாது. வோல்டேஜ் டப்பென்று விழும்போது யுபிஎஸ் பூஸ்டுக்கோ (வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பது) பேட்டரிக்கோ மாறும், மாறுகிற சில மில்லிசெகண்ட் பிசிக்குக் கரண்ட் கிடையாது.

அந்த இடைவெளியைத் தாண்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. மாடி டேங்க் மாதிரி. ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் டேங்க் ரொம்ப நேரம் வரும், எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் சடாரென்று காலி. யூட்யூப் பார்க்கும்போது ஒரு குழாய், கேமில் எல்லாக் குழாயும். அதனால்தான் கேமில் மட்டும். மானிட்டர் தின்பது இருபது இருபத்தைந்து வாட்தான், அதன் டேங்க் தாங்கிவிடுகிறது. சரி, டேங்க் தாண்டிவிட்டாலும் பேட்டரியில் 400 வாட்டை இழுத்தால் யுபிஎஸ் ஓவர்லோடில் படுத்துவிடும். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரியில் தருவது படிப்படியான அலை, இப்போது வருகிற ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கிற சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலதுக்கு அது ஒத்துவராது.

ஆகவே நாளைக்கு யுபிஎஸ்ஸைக் கழற்றி வை, நல்ல எர்த் உள்ள 3 பின் சாக்கெட்டில் பிசியை நேரடியாகப் போட்டு அதே ஏழு மணிக்கு ஆடிப் பார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

வியாசர்பாடி கேமர்:

அண்ணே, யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவரிலா? எங்கள் பக்கம் கரண்ட் போய்வருகிற லட்சணத்தில் இருக்கிற கார்டும் போய்விடும். நான் சொன்ன பவர் லிமிட்டே பாதுகாப்பு.

காசிமேடு சர்வீஸ்காரன்:

ரெண்டு நாள் டெஸ்ட்டுக்குத்தானே சொன்னேன். ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும், வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். உங்கள் பவர் லிமிட் யோசனை தப்பில்லை, ஆனால் அதில் ரீஸ்டார்ட் நின்றால் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டிவிடுவோம், யுபிஎஸ் லோடு குறைந்ததால் நின்றது என்று யாருக்குத் தோன்றும்?

இதிலும் சரியாகவில்லை என்றால் பிசியைத் திறக்கலாம். கடலோரத்திலிருந்து வருகிற பிசிகளில் உப்புக் காற்று பண்ணுகிற வேலை தனி. போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒன்று வந்தது, ரேம் ஸ்லாட் ஓரத்தில் பச்சை பூத்து, கேபினெட் ஸ்க்ரூவில் திருப்புளி வைத்தால் தலை மாவாக உதிர்கிறது, ஃபேன் இறக்கையில் லாரித் தூசி கறுப்புப் பிசினாக ஒட்டியிருக்கிறது. ரேமைக் கழற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டினேன், ஓடுகிறது. தம்பிக்கு அதற்கெல்லாம் வேலை வராது என்று நினைக்கிறேன்.

தண்டையார்பேட்டை தம்பி:

அண்ணே, கண்டுபிடித்தாச்சு.

நேற்று சுவரில் நேரடியாகப் போட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். ஏழரை வாக்கில் டியூப்லைட் ஒரு தடவை மங்கி எரிந்தது, பிசி அசையவே இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா பின்பக்கமிருந்து வந்து, "இன்னைக்கு என்னடா சத்தத்தையே காணோம்? நான் மோட்டார் போட்டாலே நீ உள்ளேயிருந்து கத்துவியே" என்றார். கீழ்த்தொட்டியிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்! தினம் அவர் சமையலை முடித்துவிட்டு அந்த நேரத்தில்தான் சுவிட்சைப் போடுகிறார், எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

உறுதிப்படுத்த யுபிஎஸ்ஸைத் திரும்ப மாட்டி, கேமைத் திறந்து வைத்துவிட்டு அம்மாவை மோட்டார் போடச் சொன்னேன். டக், ரீஸ்டார்ட். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை கேட்டதற்கு "மோட்டார் எரிஞ்சா நீதான் கீழேயிருந்து குடத்துல தூக்கணும்" என்று சுவிட்ச் பக்கத்திலிருந்து போய்விட்டார். யுபிஎஸ் ஸ்டிக்கர் நீங்கள் சொன்ன அதே 600 விஏ, 360 வாட். பேட்டரி இரண்டரை வருடம் பழசு, மாற்றியதே இல்லை.

இப்போது பேட்டரி மட்டும் மாற்றினால் போதுமா?

காசிமேடு சர்வீஸ்காரன்:

போதாது, அந்த லோடுக்குப் புதுப் பேட்டரியும் தாங்காது. 1000 விஏ, 600 வாட் எழுதியிருப்பதாகப் பார், கடைக்காரர் விஏவை மட்டும் சொல்வார், நீ வாட்டைக் கேள். காசு சேரும்வரை சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று போட்டு நேரடியாகவே ஓட்டு, எர்த் இருந்தால்தான் அதுவும் முழுசாக வேலை செய்யும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடு, மோட்டாருக்குத் தனி லைன் இழுக்க முடியுமா என்றும் அப்படியே கேள். பழைய யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாதே, வைஃபை ரவுட்டருக்கு மாட்டினால் ராஜா மாதிரி ஓடும்.

தண்டையார்பேட்டை தம்பி:

ரவுட்டருக்கு மாட்டிவிட்டேன் அண்ணே, ரொம்ப நன்றி. கார்டு விற்றவருக்கும் மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன். நேற்றிலிருந்து ஒரே டிக்கில் நிற்கிறது, ப்ளாக் பண்ணிவிட்டார் போல.