பாசஞ்சரில் ஏறிக்கொண்ட எழுத்து

மீனா: ஒரு சந்தேகம். பாசேஜ் (passage) என்ற ஆங்கிலச் சொல்லில் 'என்' (n) எழுத்து கிடையாது. அதிலிருந்து பிறந்த பாசஞ்சரில் (passenger) மட்டும் எப்படி வந்தது? யாருக்காவது தெரியுமா?

பெரியப்பா: நல்ல கேள்வி மீனா. மெசேஜ், மெசஞ்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்.

மீனா: அட, ஆமாம் பெரியப்பா! அங்கேயும் அதே 'என்'!

பெரியப்பா: பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இவை 'பாசஜர்', 'மெசஜர்' என்றுதான் இருந்தன. பேசப் பேச 'ஜ'வுக்கு முன்னால் ஒரு மூக்கொலி ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது எழுத்திலும் ஏறிவிட்டது. பொருளில் ஒரு மாற்றமும் இல்லை, முழுக்க வாய்ப்பேச்சின் வேலை. ஹார்பிஞ்சரும் இதே கூட்டம்தான். இன்று 'வரப்போவதை முன்னறிவிப்பது' என்று பொருள் சொல்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் அரசரோ படையோ வருவதற்கு முன்பே போய்த் தங்க இடம் பிடித்து வைத்தவர்தான் ஹார்பிஞ்சர். அதுவும் பயணத்துச் சொல்தான்.

கார்த்தி: பாசேஜுக்கும் அடியில் என்ன இருக்கிறது பெரியப்பா?

பெரியப்பா: லத்தீனில் 'பாசுஸ்'. காலடி என்று பொருள். ரோமானியர்கள் அதை ஓர் அளவாகவே வைத்திருந்தார்கள். இடது கால் தரையைத் தொட்ட இடத்திலிருந்து அதே இடது கால் மறுபடி தொடும் இடம் வரை ஒரு பாசுஸ். கிட்டத்தட்ட 1.48 மீட்டர். அப்படி ஆயிரம் வைத்தால் ஒரு ரோமானிய மைல். மைல் என்ற பெயரே ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே'யிலிருந்து வந்ததுதான்.

கார்த்தி: அப்படியானால் நடப்பவரைக் குறித்த சொல்தான் இன்று உட்கார்ந்து போகிறவரைக் குறிக்கிறதா?

பெரியப்பா: ஆமாம் கார்த்தி. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்ததே அதுதான். 14ஆம் நூற்றாண்டில் பாசஜர் என்றால் வழிப்போக்கர். கால்நடையாகப் போகிறவரும் அதில் சேர்த்திதான். ஆற்றைக் கடத்திவிடும் படகையும் அதே சொல்லால் குறித்தார்கள். 16ஆம் நூற்றாண்டில்தான் 'கப்பலிலோ வண்டியிலோ ஏறிப் போகிறவர்' என்ற பொருள் வருகிறது. அதன் பிறகு ஓட்டுகிறவர் வேறு, பாசஞ்சர் வேறு என்று ஆகிவிட்டது.

சுதா அத்தை: இப்போதுதான் பார்த்தேன். பிரெஞ்சில் இந்தச் சொல் இன்னும் 'என்' இல்லாமல்தான் இருக்கிறது. 'பசாஷே' என்பார்கள். பயணி என்றும் பொருள், 'நிலைக்காதது' என்றும் பொருள். வானிலைச் செய்தியில் கொஞ்ச நேரம் பெய்து ஓய்ந்துவிடும் மழைக்கு இதைத்தான் போடுவார்கள். டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்து வருகிறவரை 'மறைவான பசாஷே' என்பார்கள்.

மீனா: மழைக்குமா! அழகாக இருக்கிறது அத்தை.

சுதா அத்தை: பாசஞ்சர் புறா என்று வட அமெரிக்காவில் ஒரு பறவை இருந்ததே, அந்தப் பெயரும் இதே பொருளில்தான். கூட்டம் கூட்டமாகக் கடந்து போகிற பறவை. வானமே இருட்டுகிற அளவுக்குப் பறந்த இனம், வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். கடைசிப் பறவை மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. நினைத்தாலே மனசு கனக்கிறது.

கார்த்தி: விளையாட்டில்கூட இந்தச் சொல் உண்டு அத்தை. அணியில் பெயருக்கு இருந்துகொண்டு எந்த வேலையும் செய்யாதவரைப் பாசஞ்சர் என்பார்கள். கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

அகிலா அக்கா: எங்கள் பாடத்திலும் இருக்கிறது. புற்றுநோய்ச் செல்லில் மரபணு மாற்றங்கள் நிறைய இருக்கும். செல் கட்டுப்பாடில்லாமல் பெருகக் காரணமாக இருப்பதை டிரைவர் மியூட்டேஷன் என்கிறோம். அந்தப் பெருக்கத்தில் பங்கில்லாமல் கூடவே வருவது பாசஞ்சர் மியூட்டேஷன். எது எது என்று பிரித்துக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, ஏனென்றால் பாசஞ்சர்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். பெரியப்பா சொன்ன ஓட்டுகிறவர், பாசஞ்சர் பிரிவினை அப்படியே வந்துவிட்டது பாருங்கள்.

பெரியப்பா: இது எனக்குப் புதிது அகிலா! ஆற்றுப் படகு வரைக்கும்தான் நான் போனேன், நீ செல்லுக்குள்ளேயே கூட்டிப்போய்விட்டாய்.

மீனா: சரி, அப்படியானால் பாஸ்போர்ட்டிலும் அந்தக் காலடிதானா?

சுதா அத்தை: அதேதான். பிரெஞ்சில் 'பாசே' என்றால் கடந்து போவது. அதோடு 'போர்ட்' சேர்ந்தது. நைட்டிங்கேல் (nightingale) என்ற பறவைப் பெயரையும் குறித்துக்கொள் மீனா, அதன் நடுவில் உள்ள 'என்'னும் பிறகு வந்து சேர்ந்ததுதான்.