தூங்குகிறவரைப் படமெடுத்தால் கனவு கிடைக்குமா?

பழையவண்ணை_கேமரா
சனி, இரவு 10.40

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆல்பம் என்று பிழைப்பு ஓடுகிறது. அதற்கு வெளியே இரண்டு வருடமாக ஒரே வேலைதான் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலைக் குவியல் மேலும் படகின் முன்பக்க அணியத்திலும் தூங்குகிறவர்களை இரவில் படமெடுக்கிறேன்.

எஃப் 16, ஐஎஸ்ஓ 100, மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர். படத்தில் வெளிச்சம் மெதுவாகப் பதியத்தான் இதெல்லாம். வெளிச்சம் எட்டாத மூலையாகப் பார்த்து டிரைபாட் போட்டால் ஒரு படத்துக்கு 20 நிமிடம் ஷட்டர் திறந்திருக்கும். அதற்குள் அசைந்ததெல்லாம் கரைந்துவிடும், அசையாதது நிற்கும். எனக்குப் பிடித்த படத்தில் ஒரு அண்ணன் வலை மேல் மல்லாந்து படுத்திருக்கிறார். முகம் அவ்வளவு துல்லியம், மீசையில் நரை எண்ணலாம். கொசுக்கடிக்குக் காலை உதறிக்கொண்டே இருந்ததால் முழங்காலுக்குக் கீழே வெறும் மூட்டம். மூட்டத்துக்குள் வலையின் நீலக் கண்ணிகள் தெரிகின்றன. கால் இரண்டும் வலையாகவே மாறிவிட்டது போல இருக்கும். கம்ப்யூட்டரில் எதையும் ஒட்டவில்லை.

தூங்குகிறவர்கள் 11 படம், எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலை எடுத்த தண்ணீர்ப் படம் 3. தொடருக்கு ‘உறக்கம்’ என்று பெயர் வைத்தேன். போன ஞாயிறு நண்பர்கள் கூட்டத்தில் காட்டினேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “கனவு மாதிரி இருக்கு. வடசென்னை மாதிரி இல்ல. பொய்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு வாரமாக அது உறுத்துகிறது. கேமராவோடு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தைக் கத்தி, குப்பை, பாக்ஸிங் என்றே எடுக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அசந்து தூங்குவார்கள், கனவு காண்பார்கள் என்று காட்டினால் அது பொய்யா?

கொருக்குப்பேட்டை_கேட்
ஞாயிறு, காலை 7.15

தம்பி, அந்த மூத்தவர் நான் இல்லை. இருந்தாலும் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், வேறு காரணத்துக்காக.

பகலில் யார் கேமராவைத் தூக்கினாலும் “எதுக்குப்பா?” என்று கேட்க நம் ஆட்களுக்கு வாய் இருக்கிறது. தூங்குகிறவருக்கு அது கிடையாது. சோஃபி கால் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1979இல் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டுத் தன் கட்டிலில் ஆளுக்கு எட்டு மணி நேரம் தூங்கவைத்து, மணிக்கொரு படம் எடுத்தார். வந்தவர்கள் படமெடுக்கப்படுவோம் என்று தெரிந்தே வந்து படுத்தார்கள். நீங்கள் எடுத்தவர்கள் வீட்டில் புழுக்கம் தாங்காமலும் காலை நீட்ட இடமில்லாமலும் வெளியே வந்து படுத்தவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் என்ற விஷயம் உங்கள் மூட்டத்தில் சேர்ந்து கரைந்துபோயிற்று.

எண்ணூர் படங்களைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வரும், சரி. ஆனால் மூன்றாவது படத்தில் கரையோரம் பால் போலப் படர்ந்திருப்பதைப் பனி என்றா நினைத்தீர்கள்? அது அனல்மின் நிலையத்துச் சாம்பல். அங்கே பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேறு இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் மாதிரி கையில் தட்டுகிறது என்பார்கள். அதைக் கனவு என்று ஃபிரேம் போட்டு மாட்டினால், பார்க்கிறவர் “ஆஹா” என்பார். யார் கொட்டினார்கள் என்று கேட்க மாட்டார்.

இருட்டறை
ஞாயிறு, காலை 9.02

எண்ணூர் பற்றி அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ‘பொய்’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. ஒட்டாமல் எடுத்தால் உண்மை, ஒட்டினால் பொய் என்று தொடங்கியவரே நினைக்கிறார் போல, அதுவும் தேவையில்லாத பயம்.

1850களில் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் தஞ்சாவூரையும் மதுரையையும் காகித நெகட்டிவில் எடுத்தார். அந்தக் கால ரசாயனத்தில் வானம் வெறும் வெள்ளையாக வரும். அவர் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் வைத்தார், மரத்துக்கு இலை வைத்தார். இன்று நாம் ஆவணம் என்று கொண்டாடும் அந்தப் படங்கள் பலவற்றில் மேகம் கையால் வரைந்தது. அமெரிக்காவில் ஜெர்ரி யூல்ஸ்மன் இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவ் போட்டு, ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி நகர்த்தி அச்சிட்டார். கூரையில்லாத அறை, மேலே மேகம், மிதக்கும் மரம், வேரோடு. எல்லாம் ஃபோட்டோஷாப் வருவதற்கு முன்பே. ஒட்டு போட்டதாலேயே அது பொய் ஆகிவிடவில்லை.

மொட்டைமாடி
ஞாயிறு, பகல் 1.30

மூவரும் சுற்றி வருகிறீர்கள். நான் தண்டையார்பேட்டை. கோடையில் எங்கள் மாடியில் வரிசையாகப் பாய் விரித்து 14 பேர் படுப்போம். என் கேள்வி நேரானது: அண்ணா, நீங்கள் எடுத்தது உறக்கம். கனவு எங்கே?

நீங்கள் படமெடுக்கும்போது அவர் கனவில் இருந்தாரா என்றுகூட அந்தப் படத்தால் சொல்ல முடியாது. 1953இல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். தூங்க ஆரம்பித்துச் சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கட்டம் வருகிறது. மூடிய இமைக்குள் விழி வேகமாக ஓடும், உடம்புத் தசைகள் பூட்டிக்கொள்ளும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் அண்ணன் காலை உதறிக்கொண்டே இருந்தார் என்றால் அந்த 20 நிமிடத்தில் பெரும்பகுதி அவர் அந்தக் கட்டத்திலேயே இல்லை. இருந்திருந்தாலும், கனவின்போது ஓடுகிற விழியை உங்கள் நீண்ட எக்ஸ்போஷர் துடைத்துவிடும்.

அந்தப் பூட்டு திறப்பதற்குள் மனம் மட்டும் விழித்துக்கொள்வதைத்தான் நாம் அமுக்குவான் என்கிறோம். என் அம்மாவுக்கு அடிக்கடி வரும். கண் திறந்திருக்கும், மாடித் தண்ணீர்த் தொட்டி தெரியும், கத்த வாய் வராது. நெஞ்சு மேல் ஈரச் சாக்கு மூட்டை ஏறி உட்காருகிறது என்பார். இன்றைக்கும் தலைமாட்டில் பழைய அரிவாள்மணை இல்லாமல் படுக்க மாட்டார். அமெரிக்காவில் நிக்கோலஸ் புரூனோ என்ற இளைஞர் இதே அவஸ்தையைக் குறிப்பேட்டில் எழுதி, வரைந்து, வேண்டிய பொருளையெல்லாம் தானே செய்து, தானே ஃபிரேமுக்குள் நின்று படமாக்குகிறார். பயந்தவரே படமெடுக்கிறார். அதனால்தான் பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது.

இன்னொருவரின் கனவை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அர்ஜென்டினாவில் கிரேட்டே ஸ்டெர்ன் 1948 முதல் 1951 வரை ஒரு பெண்கள் வார இதழுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டுப்படங்கள் செய்தார். வாசகிகள் தங்கள் கனவைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். ஒரு படத்தில் மேஜை விளக்கின் தண்டாக ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள், தலைக்கு மேல் விளக்குக் கூடு. பக்கத்தில் ஒரு ஆணின் கை சுவிட்சை நோக்கி வருகிறது. அவ்வளவுதான் படம். என் பாட்டிக்குக் காட்டினேன். “இது யாரு, நம்ம பக்கத்து வீடா?” என்றார். வடசென்னையில் கனவுப் படம் எடுக்கிறவர் முதலில் காதைத் திறக்க வேண்டும், ஷட்டர் அப்புறம்.

பழையவண்ணை_கேமரா
ஞாயிறு, இரவு 11.20

கேட் அண்ணனுக்கு முதலில். விழித்த பிறகு எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் முன்னாலேயே அழித்தேன். அந்த 11 பேரும் சரி என்றவர்கள். திருட்டுத்தனமாக எடுத்தேன் என்று எழுத வேண்டாம்.

மொட்டைமாடி கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். நீண்ட எக்ஸ்போஷருக்குப் பிறகு, இரைச்சல் புள்ளிகளைக் கழிக்க, கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் ஒரு கறுப்புப் படம் எடுக்கும். 20 நிமிடம் எடுத்தால் இன்னொரு 20 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். வலை மேல் படுத்திருந்த அண்ணன் அந்தக் கறுப்பு நேரத்தில்தான் எழுந்தார். என்னைப் பார்த்துத் திட்டவில்லை. “தம்பி, இப்போ ஒரு கனா” என்று ஆரம்பித்தார்.

அவர் படகு கல்மண்டபம் ரோட்டில் போகிறதாம். தண்ணீர் இல்லை, தார்தான். இன்ஜின் சத்தமும் இல்லை. வலையை இழுக்கிறார், மீன் இல்லை, எல்லாம் செருப்பு. இழுக்க இழுக்கச் செருப்பு. படகு தாழ்கிறது. ரோட்டில் நிற்கிறவர்கள் “இன்னும் இழு” என்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார். நான் கேமராவின் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மணலி_நைட்ஷிப்ட்
திங்கள், காலை 6.50

வேலை முடிந்து வந்து படிக்கிறேன். எனக்கும் அமுக்குவான் உண்டு, ஷிப்ட் மாறுகிற வாரத்தில் கட்டாயம் வரும். ஒரு யோசனை. இந்தக் கனவை அப்படியே எழுதி ஏஐயில் போட்டால் அரை நிமிடத்தில் படம் வந்துவிடுமே? ரோடு, படகு, செருப்பு எல்லாம் வரும்.

மொட்டைமாடி
திங்கள், காலை 8.10

வரும். யார் காலிலும் ஏறாத செருப்பாக வரும். அமெரிக்காவில் ஆர்தர் ட்ரெஸ் என்ற புகைப்படக்காரர் குழந்தைகளிடம் கனவைக் கேட்டு, அந்தக் கனவுகளைப் பிள்ளைகளை வைத்தே எடுத்து 1972இல் நூலாக்கினார். அதில் ஒன்று வெள்ளக் கனவு. கடற்கரை மணலில் ஒரு வீட்டுக் கூரை கிடக்கிறது, ஓட்டை வழியாக ஒரு பையன் எட்டிப் பார்க்கிறான். அந்தக் கூரை நிஜக் கூரை, மணல் நிஜ மணல். அதனால்தான் 50 வருடம் கழித்தும் வெள்ளம் பயமுறுத்துகிறது.

கொருக்குப்பேட்டை_கேட்
திங்கள், காலை 8.45

எழுந்த பிறகு கேட்பது அனுமதி ஆகாது என்பதில் நான் மாறவில்லை. அது வேறு சண்டை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஏன் செருப்பு? போய்க் கேளுங்கள்.

பழையவண்ணை_கேமரா
செவ்வாய், இரவு 9.30

கேட்டேன். ஏலக்கூடத்துக்குப் பின்னால் வலை பொத்திக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை, சொல்லிக்கொண்டே கண்ணியை முடிந்தார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வந்து போன மறுநாள் கரையெல்லாம் செருப்பு. அவர் அப்போது சின்னப் பையன். “போட்டுக்கிற மாதிரி ஜோடி கெடைச்சா எடுத்தாடா” என்று அம்மா அனுப்பியிருக்கிறார். மத்தியானம் வரை பொறுக்கினாராம். குவியல் குவியலாகக் கிடந்தது, ஒரு ஜோடி சேரவில்லை. வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

படமாக எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எடு. ஆனா ஒரு செருப்புகூட ஜோடி சேரக் கூடாது. நான் பாத்துத்தான் போடுவேன்” என்றார்.

எண்ணூர்ப் படம் மூன்றையும் தொடரிலிருந்து எடுத்துவிட்டேன்.

கொருக்குப்பேட்டை_கேட்
செவ்வாய், இரவு 10.05

எண்ணூரை எடுத்துப் போட வேண்டாம். அடியில் சாம்பல் என்று எழுதித் தனியாக மாட்டுங்கள். ஒளித்து வைத்தால் கொட்டியவர்களுக்குத்தான் லாபம்.

கனவு மாதிரிப் படங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தச் செருப்பை நான் 20 வருடமாக எந்த நியூஸ் படத்திலும் இப்படிப் பார்த்ததில்லை. உடைத்துப் போட்ட ஃபைபர் போட்டின் அணியப் பக்கம் ஒன்று எனக்குத் தெரிந்த இடத்தில் கிடக்கிறது. மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவர முடியும்.

இருட்டறை
செவ்வாய், இரவு 10.40

வண்டியை ஓரமாக நிறுத்தி, 30 வினாடி எக்ஸ்போஷர் வையுங்கள். அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்தால் போதும். துறைமுகத்துக்குப் போகிற லாரி விளக்கெல்லாம் கோடு கோடாக ஓடி, ரோட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஒட்டு வேலையே தேவைப்படாது. தூரத்திலிருந்தே ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸ் நீளமானது என்னிடம் இருக்கிறது, 5 மீட்டர். படகில் உட்கார்ந்தபடி அவரே அழுத்தலாம்.

பழையவண்ணை_கேமரா
புதன், காலை 6.15

அவரிடம் சொன்னேன். ரிலீஸை அவரே அழுத்துகிறார். முகம் தெரியட்டும் என்றார். போக்குவரத்துப் போலீஸிடம் இன்று போய்க் கேட்கிறேன். ஞாயிறு விடியற்காலை 4 மணி, கல்மண்டபம். ஒற்றைச் செருப்பு இருந்தால் கொண்டு வாருங்கள். ஜோடியாக இருந்தால் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.