பொமரேனியன் முதலில் பெரிய நாயா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் மினி இரண்டரைக் கிலோதான். ஆனால் வாசலில் யார் வந்தாலும் பெரிய காவல் நாய் மாதிரி குரைக்கிறாள். இவளுடைய முன்னோர் பனியில் வண்டி இழுத்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். பொமரேனியன்கள் வடக்குப் பனிப்பிரதேச ஸ்பிட்ஸ் நாய்களின் (கூர்மூக்கும் அடர்ந்த ரோமமும் கொண்டவை) வழி வந்தவை. பெயர் பால்டிக் கடலோரப் பொமரேனியாவிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ வரைந்த பொமரேனியன்களைப் பாருங்கள், இன்றைய அளவைவிட எவ்வளவோ பெரியவை.

இன்னொரு பதில்: இந்த இனம் சிறிதானதில் விக்டோரியா அரசிக்குப் பெரிய பங்கு உண்டு. 1888இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போனவர் மார்கோ என்ற நாயை வாங்கினார். அந்தக் காலத்துக்கு அது சின்ன நாய்; அதுவே ஐந்தரைக் கிலோ! அப்புறம் சின்ன நாய்களுக்குத்தான் மவுசு. 1901இல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது கேட்டதும் டூரி என்ற தன் பொமரேனியனைத்தான். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கேட்டவர்: அப்படியானால் அந்த அடர்ந்த இரட்டை அடுக்கு ரோமமும் பனிக்காலச் சொத்துதான். வெயிலில் மினி தரையோடு ஒட்டிப் படுப்பது இப்போது புரிகிறது.