பேர வாவி நீர்த்தர ஆய்வு: கட்டுரையை எந்தச் சஞ்சிகைக்கு, எப்படி அனுப்புவது?

கேட்டவர்: வெள்ளவத்தை மாணவி

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக, நகரின் நடுவிலுள்ள பேர வாவியின் நீர்த்தரத்தை ஆராய்ந்து வருகிறேன். வாவியின் கிழக்குப் பகுதியிலும் கங்காராமைக்கு அருகிலுள்ள தென்மேற்குப் பகுதியிலுமாக ஐந்து இடங்களில் ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் மாதிரி எடுத்து, மொத்தப் பொசுபரசு, நைத்திரேற்று, அல்காவின் அளவைக் காட்டும் குளோரபில்-ஏ ஆகியவற்றை அளந்திருக்கிறேன். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பும்படி மேற்பார்வையாளர் கூறியுள்ளார். அவர் இப்போது வெளிநாட்டில் இருப்பதால், ஒவ்வொரு சிறு விடயத்துக்கும் அவருக்கு எழுதத் தயக்கமாக இருக்கிறது.

எனக்குள்ள ஐயங்கள் இவை. இலங்கைச் சஞ்சிகைக்கு அனுப்புவதா, வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவதா? இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டமர்வில் இதே தரவுகளின் ஒரு பகுதியைச் சுருக்கமாக முன்வைத்திருக்கிறேன். ஆய்வேடும் நூலகத்தில் வைக்கப்படப் போகிறது. அப்படியிருக்கையில் இது "ஏற்கெனவே வெளியானது" என்று கொள்ளப்படுமா? மேலும், அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு சஞ்சிகை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. இரண்டு வாரத்தில் மீளாய்வு முடித்துப் பிரசுரிப்பதாகவும், இருநூறு டொலர் செலுத்தினால் போதும் என்றும் எழுதியுள்ளார்கள். ஆய்வுகூட நண்பர்கள் சிலர் அனுப்பிவிடு என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

வணக்கம் பிள்ளை. சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர் குழுவில் சில காலம் பணியாற்றியவன் என்ற வகையில் எழுதுகிறேன்.

உள்நாடா வெளிநாடா என்பதற்கு முன்னால், உங்கள் கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைத் தீர்மானியுங்கள். மீளாய்வாளரிடம் போகாமலே கட்டுரைகள் திரும்பி வருவதற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, சஞ்சிகையின் விடய எல்லைக்குள் அடங்காமையும், ஓரிடத்தின் அளவீட்டு அறிக்கையாகவே கட்டுரை நின்றுவிடுவதுமே அதைவிட அடிக்கடி வந்த காரணங்கள். "பேர வாவியின் நீர்த்தர மதிப்பீடு" என்று தலைப்பிட்டால், அந்த வாவியைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஆசிரியருக்கு மேற்கொண்டு படிக்க எந்தத் தூண்டுதலும் இல்லை.

உங்களிடம் ஓராண்டுத் தரவு இருப்பது பெரிய பலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையும், இடைப்பருவ மழை பெய்யும் ஒக்டோபர், நவம்பரிலும் பொசுபரசு கூடுகிறதா, அல்லது மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் கூடுகிறதா என்று பாருங்கள். மழையோடு கூடினால், நகரத்து வடிகால்கள் கொண்டுவந்து சேர்ப்பதே முதன்மையானது என்று வாதிட இடமுண்டு. மழையற்ற மாதங்களில் கூடினால், நீர் ஐதாகாமல் தேங்குவதையும் அடிச்சேற்றிலிருந்து பொசுபரசு மீண்டும் வெளிவருவதையும் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வெப்பவலயத்திலுள்ள ஆழமற்ற நகர ஏரிகள் பலவற்றுக்கும் பொதுவான கேள்வி இது. பேர வாவி அதற்கு விடை தேடிய இடமாகிறது. அறிமுகப் பகுதியின் கடைசிப் பந்தி அந்தக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். ஆனால் நீங்கள் அடிச்சேற்றை அளக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். "காட்டுகிறது" என்று எழுதத் தோன்றும் இடங்களில் "இதனோடு இசைகிறது" என்று எழுதுவதே நேர்மையானது; மீளாய்வாளரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

சஞ்சிகையைத் தெரிவுசெய்ய எளிய வழி, உங்கள் உசாத்துணைப் பட்டியலைப் பார்ப்பதுதான். நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எந்தச் சஞ்சிகைகளில் வந்தனவோ, அவற்றின் வாசகர்களே உங்கள் வாசகர்கள். இரண்டு மூன்றைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் கடந்த ஓராண்டில் வந்த கட்டுரைகளின் தலைப்புகளையும் சுருக்கங்களையும் வாசியுங்கள். உள்நாட்டில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையும், பேராதனையிலிருந்து வரும் சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸும், நீர்வாழ் விஞ்ஞானத்துக்கென்றே இருக்கும் ஸ்ரீலங்கா ஜேர்னல் ஒஃப் அக்குவாட்டிக் சயன்ஸசும் உள்ளன. இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். கொழும்பு மாநகர சபையும் வாவியைத் துப்புரவாக்கும் பொறியியலாளர்களும் வாசிக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், உள்நாட்டுச் சஞ்சிகையைத் தாழ்ந்த தெரிவாக எண்ண வேண்டியதில்லை. எதுவாயினும் ஒரு நேரத்தில் ஒன்றுக்கே அனுப்புங்கள். ஒன்றிலிருந்து முடிவு வரும்வரை, அல்லது முறைப்படி விலக்கிக்கொள்ளும்வரை, மற்றொன்றுக்கு அனுப்புவது நெறிமீறல்.

முறைகள் பகுதியில் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். "பொசுபரசு மர்ஃபி–ரைலி முறையில் அளக்கப்பட்டது" என்று 1962ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டிவிட்டு நகரக் கூடாது. அந்த முறை கரைந்த பொசுபேற்றை அளப்பது. மொத்தப் பொசுபரசு வேண்டுமானால் மாதிரியை முதலில் இரசாயன முறையில் சிதைத்து (சமிபாடடையச் செய்து) இருக்க வேண்டும். எதைக் கொண்டு, எவ்வளவு நேரம் செய்தீர்கள், உறிஞ்சலை 880 நனோமீற்றரில் அளந்தீர்களா, கண்டறியும் எல்லை என்ன, வெற்று மாதிரிகள் என்ன காட்டின என்பவற்றை எழுதுங்கள். குளோரபிலுக்கு எந்த வடிதாள், எத்தனை வீத அசற்றோன், சிதைந்த நிறப்பொருளுக்காக அமிலமிட்டுத் திருத்தினீர்களா என்பதும் வேண்டும். பேர வாவி போன்று அல்கா செறிந்த நீரில் அந்தத் திருத்தம் எண்களைக் கணிசமாக மாற்றக்கூடும்.

ஆய்வேட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். பெரும்பாலான சஞ்சிகைகள் ஆய்வேட்டையும் மாநாட்டுச் சுருக்கத்தையும் முன்வெளியீடாகக் கொள்வதில்லை. மாநாட்டுத் தொகுப்பில் முழுக் கட்டுரையே வந்திருந்தால்தான் சிக்கல். இருந்தாலும் மறைக்காமல் முகப்புக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், அது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு ஏன் வேண்டும் என்று மூன்று நான்கு வாக்கியங்கள், பின்னர், "இக்கட்டுரையின் தரவுகள் முதலாம் ஆசிரியரின் ஆய்வேட்டின் ஒரு பகுதியாகும், ஒரு பகுதி மாநாட்டுச் சுருக்கமாக முன்வைக்கப்பட்டது, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்று ஒரு வாக்கியம். சுருக்கத்தை அப்படியே கடிதத்தில் ஒட்டுவது வீண்.

மறுமொழி 2: நூலகத்திலிருந்து

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்கு உதவும் பணியில் இருப்பதால், இப்படிப்பட்ட கடிதங்களை அடிக்கடி பார்க்கிறேன். கட்டணம் கேட்பது மட்டும் குற்றமாகாது. யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகைகளில் நேர்மையானவை பலவும் கட்டணம் பெறுகின்றன. மீளாய்வு தொடங்கும் முன்னரே பிரசுரத் திகதியை உறுதியளிப்பதுதான் அபாய அறிகுறி. மீளாய்வாளர் மறுக்கக்கூடும் என்ற நிலை இருந்தால் யாரால் அப்படி வாக்களிக்க முடியும்?

கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்து வந்த, ஏமாற்றுச் சஞ்சிகைகள் எனச் சந்தேகிக்கப்படுபவற்றின் பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன் நகல்களை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2003 முதல் இயங்கும் திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விபரக்கொத்தான டோஜில் பெயர் இருக்கிறதா, 1997இல் தொடங்கிய கோப் எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழுவில் உறுப்புரிமை உண்டா என்று அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள். சஞ்சிகை தன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இலச்சினையைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஸ்கோபஸ் என்னும் ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னாலும் அப்படியே தேடிப் பாருங்கள், ஏனெனில் இடையில் நீக்கப்பட்ட சஞ்சிகைகளும் பழைய பெருமையைப் பேசிக்கொண்டிருக்கும். ஆசிரியர் குழுவிலுள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்தச் சஞ்சிகையைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்ப்பதும் நல்லது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை பிரசுரமாகிவிட்டால், நல்ல சஞ்சிகை எதுவும் அதே தரவைப் பிறகு ஏற்காது. இருநூறு டொலரைவிட அந்த இழப்பே பெரிது.

பணமில்லாமலும் வெளிநாட்டில் பிரசுரிக்கலாம். சந்தா முறையில் இயங்கும் சஞ்சிகைகள் பலவற்றில், திறந்த அணுக்கத்தைத் தெரிவுசெய்யாவிட்டால் கட்டுரை ஆசிரியர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. கட்டாயக் கட்டணமுள்ள இடங்களில் விலக்கோ கழிவோ பெறும் நாடுகளின் பட்டியல் இருக்கும். அதைச் சமர்ப்பிக்கும் முன்னரே பார்த்துக் கேளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பின் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்.

மறுமொழி 3: புள்ளிவிபரவியலாளர்

மேலே சொன்னவற்றோடு ஒரு விடயம். ஓரிடத்தில் மூன்று போத்தல்களில் நீர் எடுத்திருந்தால், அந்த மூன்றையும் தனித்தனி மாதிரிகளாக எண்ணி, ஐந்து இடம், மூன்று போத்தல், பன்னிரண்டு மாதம் என்று 180ஐ மாதிரி எண்ணிக்கையாகக் காட்டாதீர்கள். ஸ்டுவர்ட் ஹேர்ல்பர்ட் 1984இல் எக்கொலொஜிக்கல் மொனொகிராப்ஸில் எழுதிய கட்டுரைக்குப் பின், இந்தப் போலி மீள்மாதிரி முறையைச் சூழலியல் மீளாய்வாளர்கள் கண்டும் காணாமல் விடுவதில்லை. மூன்று போத்தல்களின் சராசரியே அந்த இடத்துக்கு அந்த மாதத்துக்கான ஒரே எண். அதோடு, ஒரே இடத்தை மாதந்தோறும் அளப்பதால் அந்த எண்களும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. சாதாரண மாறற்றிறன் பகுப்பாய்வுக்குப் பதிலாக, ஒரே இடத்து எண்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்கும், இடத்தை எழுமாற்று விளைவாகக் கொண்ட கலப்பு மாதிரியுரு ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஆர் மென்பொருளில் இதை இலவசமாகச் செய்யலாம்.

கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்த நைத்திரேற்றுப் பெறுமானங்களைப் பூச்சியமாக இட்டுவிட வேண்டாம். எத்தனை மாதிரிகள் அப்படி இருந்தன, அவற்றை எவ்வாறு கையாண்டீர்கள் என்று எழுதுங்கள். உருக்களில் உள்ள வழுக்கோடுகள் நியம விலகலா நியம வழுவா என்பது விளக்கத்தில் இருக்க வேண்டும். ஏரியில் போசணை எவ்வளவு மிகுந்துள்ளது என்பதைக் காட்டும் கார்ல்சனின் 1977ஆம் ஆண்டுப் போசணைநிலைச் சுட்டியைப் பயன்படுத்தியிருந்தால், அது இடைவெப்ப வலயத்து ஏரிகளை வைத்து உருவாக்கப்பட்டது என்பதைக் கலந்துரையாடலில் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். மீளாய்வாளர் எழுப்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

வெள்ளவத்தை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர் கூறியபடி மழைவீழ்ச்சித் தரவுகளோடு மாதாந்தப் பொசுபரசை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று போத்தல்களின் சராசரியையே எடுக்கிறேன். இன்னுமொரு கேள்வி. ஆய்வுகூடப் பொறுப்பாளர் தம்முடைய பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். உபகரணங்களைப் பயன்படுத்த அனுமதித்தவர் அவர். ஆய்வில் வேறு பங்கு எதுவும் இருக்கவில்லை. மறுபுறம், மாதந்தோறும் என்னோடு படகில் வந்து மாதிரி எடுத்து, நிறமாலைமானியை அளவுதிருத்தம் செய்து தந்த தொழில்நுட்ப அலுவலரின் பெயரைச் சேர்க்க எனக்கு விருப்பம். என்ன செய்வது முறை?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

1978இல் வன்கூவரில் முதலில் கூடிய மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை இன்று பிற துறைகளிலும் பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஆய்வின் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதவோ அறிவுசார்ந்து திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். அதன் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே வேண்டும். உபகரணம் தந்ததற்கு உரிய இடம் நன்றியுரை. தொழில்நுட்ப அலுவலர் முதல் நிபந்தனையை ஏற்கெனவே நிறைவேற்றியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. வரைவை அவருக்கு வாசிக்கக் கொடுத்து, முறைகள் பகுதியைத் திருத்தும் வாய்ப்பை அளியுங்கள். மற்ற மூன்றையும் நிறைவேற்ற அவருக்கு விருப்பமிருந்தால் அவர் ஆசிரியரே. பதவியைக் காரணம் காட்டி அவரை விலக்குவது நியாயமில்லை.

பொறுப்பாளரிடம் நீங்கள் நேரில் மறுத்துப் பேச வேண்டாம். அது மாணவியின் தலையில் ஏற்றக் கூடாத சுமை. மேற்பார்வையாளருக்கு எழுதத் தயங்குவதாகச் சொன்னீர்கள். இந்த ஒரு விடயத்துக்கு அவசியம் எழுதுங்கள். சஞ்சிகைகள் பல இப்போது பதினான்கு வகைப் பங்களிப்புகளைக் கொண்ட கிரெடிட் அட்டவணையைக் கேட்கின்றன. அதை இப்போதே வரைந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் செய்ததை நிரப்பி மேற்பார்வையாளருக்கு அனுப்பினால், பொறுப்பாளரிடம் அந்தத் தாளை வைத்தே அவர் பேசலாம். ஆசிரியர் வரிசையையும் அதே மின்னஞ்சலில் எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும், ஏனெனில் சமர்ப்பித்த பின் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ அனைவரின் ஒப்புதலையும் சஞ்சிகையின் ஆசிரியர் அலுவலகம் கேட்கும். எல்லோருக்கும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதினாறு இலக்கமுள்ள அதை இலவசமாகப் பெறலாம். பெயர் மறைத்த மீளாய்வு நடக்கும் சஞ்சிகையானால், நன்றியுரையைத் தலைப்புப் பக்கக் கோப்புக்கு மாற்றுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் தங்கியிருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.